யூனிகோட் வந்தும் பாமினி போகாதது ஏன்?

வெளிநாட்டிலிருந்து திருகோணமலைக்கு வந்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. தகப்பனாரின் 31ஆம் நாள் நினைவு மலரை அடிப்பிக்க, யூனிகோடில் தட்டச்சுச் செய்த கோப்பை அச்சகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கிருந்தவர் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் பாமினியில மாத்தித் தாங்கோ, பேஜ்மேக்கர்ல போடோணும்" என்றாராம். இந்தக் காலத்திலும் பாமினியா, ஏன் விடமாட்டேன் என்கிறார்கள், உலகம் கைவிட்ட பிறகும் சிலர் விடாமல் பாவிக்கும் தொழில்நுட்பங்கள் இப்படி வேறு எவை என்று கேட்கிறார்.

நான் இந்த ஊரில் அச்சு வேலையோடு வளர்ந்தவன். இரவில் சிற்றலை வானொலி கேட்கும் வியாதியும் உண்டு. ஆகவே இரண்டு கேள்விக்கும் கொஞ்சம் பக்கச்சார்போடுதான் பதில் வரும்.

முதலில் பாமினி என்ன என்பதைத் தெளிவாக்குவோம். அது ஒரு பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் நீங்கள் அடிக்கும்போது கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை எழுத்துரு காட்டுகிறது, அவ்வளவுதான். 'தமிழ்' என்று திரையில் தெரிகிற சொல்லுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே நிற்கும். யூனிகோடில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட சொந்த எண் உண்டு. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து சாதாரணக் கணினியிலும் அது தெரியத் தொடங்கியது. கணக்குப்படி பார்த்தால் பாமினி எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டும்.

பெறாததற்கு முதல் காரணம் விரல்கள். பாமினியின் விசை அமைப்பு தமிழ்த் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழுக்கு ஒரு தட்டச்சுப் பொறியை வடிவமைத்து, ஜேர்மனியில் செய்வித்து, 'பிஜோ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர். தட்டச்சு வகுப்பில் நடுவரிசையை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தெரியும்: இடது கைக்கு ய, ள, ன, க, வலது கைக்கு த, ம, ட. பாமினியில் அதே விரலுக்கு அதே எழுத்து. கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், லிகிதராக இருந்து தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு மாறிய ஒருவர் எதையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. இயந்திரம் மாறியது, கை மாறவில்லை.

இன்னொன்றும் உண்டு. தட்டச்சுப் பொறியில் 'கே' அடிக்க முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க. தாளில் எந்த ஒழுங்கில் தெரிகிறதோ அந்த ஒழுங்கில் அடிப்பது. பாமினியும் அப்படியே. யூனிகோட் உள்ளே வேறு மாதிரிச் சேமிக்கிறது: முதலில் க, பிறகு ஏகாரக் குறி. காட்டும்போது குறியை முன்னால் இழுத்துப் போடும் வேலையை மென்பொருள் செய்யவேண்டும். அந்த இழுத்துப் போடும் வேலையில்தான் அச்சகக்காரர் வருடக்கணக்காக அடிபட்டார்கள். யூனிகோட் தமிழ் மின்னஞ்சலில் ஒழுங்காகத் தெரியும், உலாவியில் ஒழுங்காகத் தெரியும், பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியவுடன் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். அடோபியின் இன்டிசைன் இந்திய மொழிகளை முறைப்படி கோக்கத் தொடங்கியது 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில். அதாவது யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்து இருபது வருடத்துக்கு மேல், அச்சுத் தொழிலில் இருந்தவருக்கு அதனால் பயனே இருக்கவில்லை. 'பழமைவாதிகள்' என்று அவர்களைத் திட்டுகிறவர்கள் இந்த இருபது வருடத்தை மறந்துவிடுகிறார்கள்.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கதையும் அதோடு பிணைந்தது. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001இல் வந்த ஏழாம் பதிப்புடன் சரி, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. யூனிகோட் என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது. ஆனால் ஒரு பழைய எக்ஸ்.பி கணினியில் சட்டென்று திறக்கும், மாதச் சந்தா கேட்காது, இணையம் கேட்காது. எக்ஸ்.பிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியபோது பெரிய அலுவலகங்கள் பதறின. இணையத்தில் தொடுக்காமல் மூலையில் வைத்திருக்கும் அச்சகக் கணினிக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

மூன்றாவது காரணம்தான் வெளியாருக்குத் தெரியாதது. எனக்கு அதுவே முதன்மையானது. ஒரு சிறிய அச்சகத்தின் சொத்து இயந்திரம் இல்லை, அந்தக் கணினிக்குள் கிடக்கும் பழைய கோப்புகள். உங்கள் தகப்பனாரின் நினைவு மலரையே எடுங்கள். நாங்கள் அதைக் 'கல்வெட்டு' என்றும் சொல்வோம். அதில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் வம்சாவளியும் மட்டும்தான் புதிது. விநாயகர் துதி, சம்பந்தர் திருக்கோணமலைமேல் பாடிய பதிகம், திருவாசகம், திருப்புராணம், நன்றி நவிலல் எல்லாம் எப்போதோ ஒருவர் இருந்து அடித்து, ஒரு தமிழாசிரியர் இருந்து பிழை திருத்தி வைத்தவை. சந்தி பிரித்து, அடி பிரித்து, பக்கத்துக்கு அளவாக அமைத்து வைத்த அந்தக் கோப்பு ஒரு அச்சகத்திலிருந்து இன்னொன்றுக்கு பென்ட்ரைவில் போய்க்கொண்டே இருக்கும். கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், கும்பாபிஷேக மலர், பாடசாலைத் தவணைப் பரீட்சை வினாத்தாள், பூப்புனித நீராட்டு அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பழைய கோப்பு உண்டு. பெயரையும் திகதியையும் மாற்றினால் வேலை முடிந்தது.

மரண அறிவித்தலுக்கு அவசரம் வேறு. காலையில் செத்த வீடு என்றால் மத்தியானத்துக்கு முன் உவர்மலைச் சந்தியிலும் அன்புவழிபுரத்திலும் ஒட்டியாக வேண்டும். "யூனிகோடுக்கு மாறுகிறோம், கொஞ்சம் பொறுங்கள்" என்று அந்த வீட்டாரிடம் சொல்ல முடியுமா?

எழுத்துருக்களின் அழகையும் விடக்கூடாது. பாமினி முறையில் அமைந்த அலங்கார எழுத்துருக்கள், கலியாணக் கார்டுக்கு வளைந்தவை, சுவரொட்டிக்குத் தடித்தவை, குவிந்து கிடந்தன. யூனிகோடில் வெகுகாலம் அலுவலகக் கடிதத்துக்கு ஏற்ற முகங்கள்தான் இருந்தன. இப்போது நிலைமை மாறிவிட்டது, நல்லவை நிறைய உண்டு. ஆனால் கண் பழகிவிட்டது.

இதுவரை பாமினிக்காக வாதாடினேன். இனி அதற்கு எதிராக. அச்சகத்துக்குள் இருக்கும்வரை பாமினியால் யாருக்கும் கேடில்லை. தாளில் விழுந்த மை எந்த எண்ணிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதே பாமினியில் ஒரு பொது அறிவித்தலை அடித்து, பி.டி.எஃப் ஆக்கி, இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். அதற்குள் தேடினால் ஒரு தமிழ்ச் சொல்லும் கிடைக்காது. தேடுபொறிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளில் கேட்டால் "ஜே கே பி ஓ" என்று வாசிக்கும். மக்கள் பார்க்கவென்று வெளியிடும் ஆவணத்தைப் பாமினியில் வெளியிடுவது அதைப் பாதி மறைத்து வைப்பதற்குச் சமம். இதில் எனக்கு எந்த இரக்கமும் இல்லை.

மாற்றிக்கொள்ள மாற்றிகள் இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. என்.எச்.எம் ரைட்டர் இன்னும் ஒரு படி மேலே போய், பாமினி விசையிலேயே அடித்து யூனிகோடாகப் பெற வழி செய்தது. விரல் பழக்கத்தைச் சாக்குச் சொல்கிறவர்களுக்கு அதோடு சாக்கு முடிந்தது. என்றாலும் பழைய கோப்பை மாற்றும்போது இரண்டு பிழைகள் ஒளிந்து வரும். ஒன்று 'ர்'. அச்சில் குற்று வைத்த ரகரம் பார்வைக்கு அரவுக்கு, அதாவது 'கா'வில் வரும் காலுக்கு, மேல் குற்று வைத்தது போலவே இருக்கும் என்பதால், பாமினியில் பலர் அரவையும் குற்றையும் அடித்துவிடுவார்கள். தாளில் வித்தியாசமே தெரியாது. மாற்றியபின் 'அவர்கள்' என்ற சொல்லில் ரகரமே இருக்காது, தேடினால் அகப்படாது. மற்றது கௌரி, பௌர்ணமி, சௌந்தரம் போன்ற பெயர்கள். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. மாற்றி எதை நினைப்பது? கௌரி அம்மா ஒரு பட்டியலில் ஔகாரத்தோடும் இன்னொரு பட்டியலில் ஒற்றைக்கொம்பு, க, ள என்றும் நிற்பார். கண்ணுக்கு ஒருவர், கணினிக்கு இரண்டு பேர். இலங்கைத் தமிழ் இணையத்தளங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள், எந்தப் பக்கம் பாமினியில் பிறந்தது என்று உடனே பிடிபடும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இப்படி வேறு என்னென்ன? பட்டியல் போட்டால் முடியாது. வங்கிப் புத்தகத்தில் வரி அடிக்கும் புள்ளி அச்சுப்பொறியிலிருந்து தொடங்கலாம். ஆனால் எல்லாம் ஒரே காரணத்தால் பிழைத்திருக்கவில்லை.

சிலவற்றைச் சட்டம் பிடித்து வைத்திருக்கிறது. சோனி 2011இல் நெகிழ்தட்டு (ஃபுளொப்பி) செய்வதையே நிறுத்தியது. ஜப்பான் அரசு விண்ணப்பங்களை நெகிழ்தட்டில் தரவேண்டும் என்ற விதிகளை நீக்கி முடித்தது 2024இல். அந்தப் பதின்மூன்று வருடமும் அதை யாரும் காதலித்துப் பாவிக்கவில்லை; விதி அப்படி இருந்தது. சிலவற்றைப் பருமன் பிடித்து வைத்திருக்கிறது. நம் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். பிரித்தானியக் கடற்படைக்காக இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கட்டத் தொடங்கியவை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டதையும் பார்த்தவை. மிச்சமுள்ள 99 தாங்கிகளை 2022 ஜனவரியில் பங்கு பிரித்தார்கள்: இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்திய நிறுவனத்துக்கு 14, கூட்டு முயற்சிக்கு 61. இடிக்கவும் முடியாது, புதிதாகக் கட்டவும் கட்டுப்படியாகாது என்றால் நூறு வருடத்துப் பொருளுக்கும் ஒப்பந்தம் எழுதலாம்.

உண்மையான பற்று என்று நான் சொல்வது சிற்றலை வானொலி கேட்பவர்களிடம் இருப்பதைத்தான். திருகோணமலைக்காரருக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. ஜேர்மனியின் டொச் வெல்லே வானொலி இங்கே 250 கிலோவாட் வலுவுள்ள சிற்றலைப் பரப்பிகளோடு ஒரு மறு ஒலிபரப்பு நிலையத்தை 1980களிலிருந்து நடத்தியது. 2013இல் அவர்கள் விட்டுப்போக, நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அதன்பின் அட்வென்டிஸ்ட் உலக வானொலி போன்றவை இங்கிருந்து ஒலிபரப்பின. தூர தேசத்தில் யாரோ ஒருவர் வானொலியைத் திருப்பி, நம் ஊரிலிருந்து போன அலையைப் பிடித்து, சத்தம் எப்படி, குறுக்கீடு எப்படி, இரைச்சல் எப்படி, மங்கல் எப்படி, மொத்தத்தில் எப்படி என்று ஐந்து இலக்கத்தில் அறிக்கை எழுதி அனுப்புவார். பதிலுக்கு ஓர் உறுதி அட்டை வரும். அந்த அட்டைகளைச் சேர்ப்பதற்காகவே வாழ்கிற மனிதர்கள் உண்டு. அவர்களில் பலருக்குத் திருகோணமலை என்றால் கோணேசர் கோயிலும் தெரியாது, துறைமுகமும் தெரியாது. பரப்பி இருக்கும் இடம் என்றுதான் தெரியும்.

அலை வரும் விதமே ஒரு போதை. சிற்றலை நேர்கோட்டில் போய் வானத்தில் தொலைவதில்லை. வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனமண்டலத்தில் பட்டு வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இறங்கும். இரவில் ஒன்று கேட்கும், பகலில் வேறொன்று. சூரியனுடைய பதினொரு வருடச் சுழற்சிக்கு ஏற்ப நல்ல காலமும் கெட்ட காலமும் வரும். இப்போது இதற்கு எதிரி எல்.ஈ.டி விளக்கும் தொலைபேசிச் சார்ஜரும். அவை கக்கும் இரைச்சலில் பட்டணத்துக்குள் மெல்லிய நிலையங்கள் அமுங்கிவிடுகின்றன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது ஊரே சபித்தது, நானும் சபித்தேன். ஆனால் மின்கலத்தில் ஓடும் வானொலியைப் போட்டபோது அலைவரிசை முழுவதும் கழுவித் துடைத்ததுபோல் இருந்ததை மறைக்கமாட்டேன்.

அப்படியிருந்தும் சிற்றலை தேய்கிறது. ஏனென்றால் கேட்பவருடைய பற்று மட்டும் போதாது, மறுமுனையில் ஒருவர் அனுப்பிக்கொண்டிருக்கவும் வேண்டும். பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கியது. போர்க்காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் அந்த இரவுச் செய்தி முடியும்வரை ஒருவரும் கதைக்கமாட்டார்கள். 2017 ஏப்ரல் 30உடன் வானொலிச் சேவையை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் எத்தனை நல்ல வானொலிப் பெட்டி இருந்து என்ன? இந்தியாவின் தந்தியும் அப்படித்தான் 2013 ஜூலையில் போனது. கடைசி நாளில் வரிசையில் நின்று தந்தி அடித்தவர்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

பாமினியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். பாமினியைச் செய்தவர் யார், இப்போது எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எழுத்துருக் கோப்பு கையில் இருக்கிறது, யாரும் எங்கிருந்தும் நிறுத்த முடியாது. தனியே நின்று பாவிக்கக்கூடிய பழைய பொருளுக்கு ஆயுள் கெட்டி. மறுமுனை தேவைப்படுகிற பொருளின் ஆயுள் மறுமுனையில் இருப்பவரின் வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கிறது.

இதற்குள் ஒரு விதிவிலக்கு அமெச்சூர் வானொலி, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் வானொலியில் தொடர்பு கொள்வது. அங்கே இரண்டு முனையிலும் பற்றுள்ளவர்களே இருக்கிறார்கள், அதனால் யாரும் மூடமுடியாது. 1999 பெப்ரவரியில் கப்பல்களின் ஆபத்து அழைப்பு முற்றாகச் செய்மதி வழிக்கும் தானியங்கி முறைக்கும் மாறியபோது, கடலில் புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸின் வேலை முடிந்தது. 2003இல் அமெச்சூர் உரிமத்துக்கும் மோர்ஸ் கட்டாயமில்லை என்று சர்வதேச விதி தளர்ந்தது. கட்டாயம் போன பிறகும் ஆர்வலர்கள் மோர்ஸை விடவில்லை. இன்றும் எந்த இரவிலும் அந்த அலைவரிசைகளில் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தொலைபேசி செத்துப்போன அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி போனது அமெச்சூர் வானொலியில். அந்தமானில் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத்தின் குழு, பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்வதற்காகவே அந்த மாதம் போயிருந்தது. சுனாமி வந்த பிறகு தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். நம் கிழக்குக் கரையில் அந்த நாளைக் கண்டவர்கள் யாரும் இதைக் கிழவர்களின் விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள்.

சரி, உங்கள் மலருக்கு வருவோம். 31ஆம் நாளுக்குள் அந்த அச்சகக்காரரைத் திருத்த முயல வேண்டாம். யூனிகோட் கோப்பைப் பாமினிக்கு மாற்றிக் கொடுங்கள், ஆனால் கூடவே யூனிகோட் பிரதி ஒன்றைத் தாளில் அச்சிட்டும் கொடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள், பேரப்பிள்ளைகளின் ஆங்கிலப் பெயர்கள் எல்லாவற்றையும் அந்தத் தாளில் சிவப்பு மையால் கோடிட்டுக் காட்டுங்கள். பாமினி விழுந்தவுடன் அவை விளங்காத தமிழாக மாறி நிற்கும். அடிப்பவர் ஒவ்வொன்றாகத் தேடி எழுத்துருவை மாற்றவேண்டும். காற்புள்ளிகளையும் பாருங்கள், பாமினியில் காற்புள்ளி விசையில் 'இ' உட்கார்ந்திருக்கிறது. மாற்றி சரியாக வேலை செய்யாவிட்டால் வசனத்துக்கு வசனம் ஒரு 'இ' முளைக்கும். புரூஃபைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுங்கள். வம்சாவளிப் பக்கத்தை வீட்டில் வயதான ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மருமக்களின் பெயர் விடுபட்டால் அச்சகக்காரரை யாரும் கேட்கமாட்டார்கள், உங்களைத்தான் கேட்பார்கள். இணையத்தில் போடுவதற்கு உங்கள் யூனிகோட் கோப்பையே பாவியுங்கள், அச்சகத்தின் பி.டி.எஃப் வேண்டாம். வேலை முடிந்ததும் பேஜ்மேக்கர் கோப்பையும் பென்ட்ரைவில் கேட்டு வாங்கிவையுங்கள். ஆண்டுத் திவசத்துக்கு ஏதாவது அடிப்பதென்றால் அடுத்த அச்சகமும் அதைத்தான் கேட்கும்.